புரொப்பல்லர் எங்கே சுற்றுகிறது?

மே மாதம் பிறந்துவிட்டால் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். "அண்ணா, பசங்க வேக் சர்ஃபிங் கத்துக்கணும்னு ஒத்தக் காலில் நிக்கிறாங்க. ஜெட் போட் வாங்கவா, புரொப்பல்லர் போட் வாங்கவா?" கேட்பவர்கள் பெரும்பாலும் சீடர் பார்க், லியாண்டர் பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்கள். டெக்சாஸின் ஆஸ்டின் நகரை ஒட்டி, கொலராடோ ஆற்றை மறித்துக் கட்டிய ஏரிகள் வரிசையாக இருக்கின்றன. (கிராண்ட் கேன்யன் வழியாகப் பாயும் கொலராடோ அல்ல இது. டெக்சாஸிலேயே பிறந்து டெக்சாஸிலேயே கடலில் சேரும் வேறொரு கொலராடோ.) அந்த வரிசையில் டிராவிஸ் ஏரிக்கரையில் படகு இன்ஜின் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. படகு விற்பது என் வேலை இல்லை. அதனால் மனதில் பட்டதைச் சொல்வதில் எனக்கு நஷ்டமும் இல்லை.

முதலில் இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. வாட்டர் ஸ்கீயிங்கில் ஆள் நீளமான கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகுக்கு வெகுதூரம் பின்னால் வருவார். படகும் சீறிக்கொண்டு போகும். வேக் சர்ஃபிங் அப்படி இல்லை. படகு மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில், நம்மூர் டவுன் பஸ் போகிற வேகத்தில் போகும். பலகையில் எழுந்து நிற்க மட்டும்தான் கயிறு. நின்ற பிறகு கயிற்றைப் படகுக்குள் வீசிவிட்டு, படகு எழுப்பும் அலையின் சரிவிலேயே சறுக்கிக்கொண்டு போகவேண்டும். அந்தச் சரிவு நன்றாக நிமிர்ந்து நிற்கும் இடம் படகின் பின்விளிம்பிலிருந்து ஐந்தடி, பத்தடி தூரத்தில்தான். உட்கார்ந்திருப்பவர்களோடு பேசிக்கொண்டே சறுக்கலாம், அவ்வளவு கிட்டத்தில். விழுந்தாலும் அங்கேதான் விழுவார்கள். அலை தள்ளுகிற வேகத்தில் முன்னால் வந்து படகின் பின்தட்டில் மோதுகிறவர்களும் உண்டு.

அப்படியானால் அந்தப் பின்தட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஜெட்டா புரொப்பல்லரா என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

புரொப்பல்லர் படகு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வகைகள் இருக்கின்றன. அவுட்போர்டில் இன்ஜின் முழுவதும் படகின் முதுகில் தொங்கும். புரொப்பல்லர் படகுக்கு வெளியே, பின்னால் சுற்றும். ஸ்டெர்ன்டிரைவில் இன்ஜின் உள்ளே இருக்கும், ஆனால் புரொப்பல்லரைத் தாங்கும் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டிலும் சர்ஃப் செய்பவர் விழுகிற இடத்துக்கும் சுற்றும் இலைகளுக்கும் நடுவே இருப்பது வெறும் தண்ணீர். நல்ல அலை கிடைக்கிறது, வேகம் குறைவுதானே என்று சொல்லி இவற்றின் பின்னால் பிள்ளைகளை இறக்குகிறவர்களை நான் ஏரியில் பார்க்கிறேன். கிட்டே போய்ச் சத்தம் போட்டுவிட்டும் வருகிறேன். இதில் வாதத்துக்கு இடமில்லை. கூடாது என்றால் கூடாது.

மூன்றாவது வகை இன்போர்டு. அதிலும் வி-டிரைவ் என்பதுதான் சர்ஃபிங்குக்கு ஏற்ற படகு. இன்ஜினைப் படகின் பின்பகுதியில் திருப்பி வைத்திருப்பார்கள். அதிலிருந்து புறப்படும் விசை முதலில் முன்னால் போய், கியர்பெட்டியில் மடங்கி, சாய்ந்த ஷாஃப்ட் வழியாகப் பின்னோக்கிக் கீழே இறங்கும். பக்கவாட்டில் பார்த்தால் வி என்ற எழுத்துப் படுத்திருப்பது போலத் தெரியும். பெயர் அதனால் வந்தது. முடிவில் புரொப்பல்லர் படகின் வயிற்றுக்கு அடியில், பின்விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிச் சுற்றும். அதற்கும் பின்னால் சுக்கான். பின்தட்டில் நின்று குனிந்து பார்த்தாலும் புரொப்பல்லர் கண்ணில் படாது. மாலிபு, மாஸ்டர்கிராஃப்ட், நாட்டிக் என்று ஏரியில் பார்க்கிற பெயர்பெற்ற வேக் படகுகள் எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம். 2015-ல் வோல்வோ பென்டா இன்னொரு வழி கண்டுபிடித்தது. ஸ்டெர்ன்டிரைவின் காலை முன்பக்கமாகத் திருப்பி, புரொப்பல்லரைப் படகுக்கு அடியில் கொண்டுபோய், தள்ளுவதற்குப் பதிலாக இழுக்க வைத்தார்கள். ஃபார்வர்டு டிரைவ் என்று பெயர். அதன் பின்னாலும் சர்ஃப் செய்யலாம்.

இனி ஜெட். இதில் வெளியே சுற்றுவது எதுவுமில்லை. படகின் அடியில் கம்பி வலை போட்ட ஒரு வாய். அதன் வழியே தண்ணீர் உள்ளே இழுபடும். குழாய்க்குள் இம்பெல்லர் என்ற சக்கரம் அதை வேகமாகத் தள்ளும், பின்னால் குறுகிய மூக்கு வழியே பீறிட்டு வெளியேறும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுமே, அதே கணக்கு. அந்த மூக்கை இடமும் வலமும் திருப்பினால் படகு திரும்பும். மூக்குக்குப் பின்னால் ஒரு வாளி போன்ற மூடியை இறக்கினால் தண்ணீர் முன்னோக்கித் திரும்பிப் படகு பின்னால் போகும்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பில் ஹாமில்டன் என்கிற நியூசிலாந்துக்காரர். ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர். அவர் ஊர் ஆறுகள் ஆழமில்லாமல், கூழாங்கல் மேல் பல கிளையாகப் பிரிந்து ஓடுபவை. புரொப்பல்லர் அங்கே ஒரு நாள் தாங்காது. 1950-களில் அவர் ஜெட்டைச் செய்து பார்த்தபோது தண்ணீரைப் படகுக்கு அடியிலேயே வெளியேற்றினார், வேகம் வரவில்லை. மூக்கை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கியதும் படகு பறந்தது. 1960-ல் அவருடைய ஜெட் படகுகள் கிராண்ட் கேன்யனுக்குள் கொலராடோ ஆற்றை எதிர்த்து ஏறிக் காட்டின. இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜெட் பிறந்தது மேலோட்டமான தண்ணீரில் லேசாக, வேகமாகப் போக. சர்ஃப் அலைக்கு வேண்டியது நேர் எதிரான குணம்: கனமாக, மெதுவாக, தண்ணீரில் அமுங்கிப் போகவேண்டும்.

அலை இன்ஜினிலிருந்து வருவதில்லை. எடையிலிருந்து வருகிறது. படகு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு அலை. அதனால்தான் வேக் படகுகளில் பாலாஸ்ட் தொட்டிகள் வைத்து ஏரித் தண்ணீரையே பம்ப் செய்து நிரப்புகிறார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. பெரிய படகுகளில் ஒன்றரை டன்னுக்கு மேல் நிரப்புவார்கள். அடுத்தது அலையை ஒரு பக்கமாக வளைப்பது. படகு கடந்துபோன பள்ளத்தை மூட இரு பக்கத் தண்ணீரும் ஓடிவந்து மோதும். ஒரு பக்கத் தண்ணீரைக் கொஞ்சம் தாமதப்படுத்திவிட்டால் மறுபக்க அலை வழவழப்பாக, நீளமாக எழும். முன்பு இதற்குப் படகையே ஒரு பக்கம் சாய்த்து, ஆட்களையும் தண்ணீர்ப் பைகளையும் ஒரே மூலையில் குவிப்பார்கள். 2012-ல் மாலிபு பின்விளிம்பில் கதவு போல ஒரு தகடு வைத்தது. பொத்தானை அழுத்தினால் அலை இடமிருந்து வலத்துக்கு மாறும். மற்றவர்களும் தங்கள் தங்கள் பாணியில் செய்தார்கள். இடது காலை முன்வைத்து நிற்பவருக்குப் படகின் இடப்பக்க அலையும், வலது காலை முன்வைப்பவருக்கு வலப்பக்க அலையும் தோது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக நின்றால் அந்தப் பொத்தானின் அருமை புரியும்.

இந்த எடையை ஜெட் தாங்குமா? ஓரளவு. வி-டிரைவில் பெரிய வி-8 இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றைச் சற்றுத் தாண்டிய நிலையில் சர்ஃப் வேகத்தைச் சாவகாசமாகப் பிடித்துக்கொள்ளும். ஜெட்டில் எடை ஏற்றிய பிறகு அதே வேகத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் முடுக்கவேண்டியிருக்கும். குறைந்த வேகத்தில் ஜெட்டுக்குப் பெட்ரோலும் கூடுதலாகப் போகும், காதும் அடைக்கும். படகில் இருப்பவர்கள் பாட்டுப் போட்டால் கேட்காது. (சர்ஃபிங் பாதி, பாட்டுப் பாதி என்று வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) ஜெட் மூக்கிலிருந்து பீறிடும் தண்ணீர் மேல்மட்டத்திலேயே நுரைத்துக்கொண்டு போவதால், சறுக்குகிற இடம் வெள்ளையாகக் குழம்பி, காலடியில் பிடிப்புக் குறையும். யமஹா தன் பெரிய ஜெட் படகுகளில் பாலாஸ்டும் சர்ஃப் தகடுகளும் வைத்து இதைக் கணிசமாகச் சரிசெய்திருக்கிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய ஜெட் அலைக்கும் இப்போதையதற்கும் நிறைய வித்தியாசம். இருந்தாலும் நல்ல வி-டிரைவின் பக்கத்தில் வைத்தால் அலை சிறிதுதான். பழகுகிற பிள்ளைக்குப் போதும். தேறிய பிள்ளை ஒரு கோடையில் அலுத்துக்கொள்ளும்.

சிறிய ஜெட் படகில் தண்ணீர்ப் பைகளைத் திணித்து அலையைப் பெரிதாக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். எத்தனை பேர், மொத்தம் எத்தனை பவுண்டு என்று போட்டிருக்கும். பைத் தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

"ஜெட்டுல புரொப்பல்லரே இல்லையே அண்ணா, அப்போ பயமே இல்லையே?" இதுதான் அடுத்து வரும். புரொப்பல்லர் வெட்டு இல்லை என்பது நிஜம். அது சாதாரண விஷயமும் இல்லை. சின்னக் குழந்தைகள் பின்தட்டில் ஏறி இறங்கிக் குதிக்கிற குடும்பத்துக்கு அந்த நிம்மதி பெரிது. ஆனால் பயமே இல்லை என்பது தப்பு.

போன கோடையில் ஒரு ஜெட் படகு பட்டறைக்கு வந்தது. இன்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை என்பது புகார். பின்தட்டில் இருக்கும் சுத்தம் செய்கிற மூடியைத் திறந்து முழங்கை வரை உள்ளே விட்டேன். கையில் தட்டுப்பட்டது கயிறு இல்லை, கட்டி. சர்ஃப் கயிறு ஷாஃப்டைச் சுற்றிச் சுற்றி, உரசிய சூட்டில் உருகி, கெட்டிப் பிளாஸ்டிக்காக இறுகிவிட்டிருந்தது. ரம்ப பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. கூடவே இம்பெல்லர் ஓரமும் சிதைந்திருந்தது. உரிமையாளர் என் பக்கத்திலேயே நின்று, "நியூட்ரல்லதாங்க இருந்துச்சு, சத்தியமா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. சிக்கலே அதுதான்.

வி-டிரைவில் நியூட்ரல் என்றால் கியர்பெட்டி விலகி, புரொப்பல்லர் நின்றுவிடும். இப்போது ஏரியில் ஓடும் ஜெட் படகுகளில் பெரும்பாலும் அப்படியொரு கியரே இல்லை. இன்ஜின் ஓடினால் இம்பெல்லர் சுற்றும். பின்வாளி பாதி இறங்கி நின்று, முன்னும் பின்னும் தள்ளுகிற விசையைச் சமமாக்குகிறது. அதைத்தான் நியூட்ரல் என்கிறார்கள். அடியில் இருக்கும் வாய் அப்போதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கயிறு, அவிழ்ந்த தலைமுடி, லைஃப் ஜாக்கெட்டின் தொங்குகிற வார், எது கிட்டே போனாலும் இழுக்கும். பின்மூக்கிலிருந்து வரும் நீர்வீச்சு உடம்புக்குள் புகுந்து குடல்வரை காயப்படுத்தும் என்று ஜெட் ஸ்கீக்களின் எச்சரிக்கை ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கும். வெட்சூட் போன்ற தடித்த, இறுக்கமான கால்சட்டை போடச் சொல்வது அதனால்தான். ஆகவே ஜெட்டாக இருந்தாலும் சரி, வி-டிரைவாக இருந்தாலும் சரி, தண்ணீரில் ஆள் இருக்கும்போது கிட்டே போனால் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்துங்கள். நியூட்ரலை நம்பாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இரண்டுக்கும் பொது: புகை. இன்ஜின் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மெதுவாகப் போகும் படகின் பின்னால் அது தண்ணீர் மட்டத்திலேயே தேங்கும்; சர்ஃப் செய்பவர் மூச்சு விடுவது அங்கேதான். படகின் பின்தட்டைக் கையால் பிடித்துக்கொண்டு மிதந்து வருகிற விளையாட்டைக் கலிபோர்னியா 2004-ல் சட்டம் போட்டுத் தடுத்தது இந்தப் புகையால்தான். புகையைக் குறைக்கும் கன்வெர்ட்டர்கள் 2010-ஐ ஒட்டித்தான் இன்போர்டு இன்ஜின்களில் பரவலாயின. பழைய படகு வாங்குகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். பிள்ளைக்குத் தலைவலி என்றால் வெயில் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். முதலில் அங்கிருந்து எடுத்து நல்ல காற்றில் உட்கார வையுங்கள்.

இனி ஏரிக்கு வருவோம். எந்தப் படகு என்பதை இங்கே பாதி தீர்மானிப்பது தண்ணீர் மட்டம். டிராவிஸ் ஏரி நிறைந்தால் கடல் மட்டத்துக்கு மேல் 681 அடி. 2023-ன் வறட்சியில் ஏறத்தாழ 50 அடி இறங்கிவிட்டது. அணைக்குப் பக்கத்தில் சம்டைம்ஸ் ஐலண்ட்ஸ், அதாவது எப்போதாவது தலைகாட்டும் தீவுகள் என்றே பெயர் பெற்ற மேடுகள் உண்டு; அந்த வருஷம் அவை முழுதாக வெளியே வந்து நின்றன. வெளியே வந்த பாறை பரவாயில்லை. அரையடி நீருக்கடியில் நின்ற பாறைகள்தான் எனக்கு வேலை கொடுத்தன. பாலாஸ்ட் நிரப்பிய வி-டிரைவ் ஆழமாக அமுங்கும். தட்டினால் புரொப்பல்லரோடு போகாது. ஷாஃப்டும் அதைத் தாங்கும் கையும் வளையும், பில் ஆயிரக்கணக்கில் போகும். ஜெட்டுக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் ஜெட் ஓரடித் தண்ணீரிலும் ஓடும் என்பது வேகத்தில் மேலெழும்பிப் போகும்போது மட்டும். நின்ற இடத்தில் மூன்றடி ஆழமாவது இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் அடியில் இருக்கும் மணலையும் சரளையையும் வாரிக் குடிக்கும். இம்பெல்லருக்கும் சுற்றுச்சுவருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் ஒரு கல் கீறினால் தண்ணீர் நழுவ ஆரம்பிக்கும். சுற்று ஏறும், வேகம் ஏறாது. பழைய ஜெட் படகு வாங்கப் போனால் விளக்கை வைத்து அந்தச் சுவரைப் பாருங்கள், விரலால் இம்பெல்லர் ஓரத்தைத் தடவுங்கள்.

பாசியும் ஜெட்டுக்கு ஆகாது. கீழே உள்ள ஆஸ்டின் ஏரியில் 1999-ல் ஹைட்ரில்லா கண்டுபிடிக்கப்பட்டது; நம் குளங்களில் வேலம்பாசி என்போமே, அதுதான். 1950-களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போன செடி, அங்கிருந்து தென்மாநிலங்கள் முழுக்கப் பரவிற்று. பிறகு புல் கெண்டை மீனை விட்டுத் தின்ன வைத்தார்கள். புரொப்பல்லரில் பாசி சுற்றினால் ரிவர்ஸ் போட்டு உதறலாம். ஜெட்டின் வலையில் அடைத்தால் இன்ஜினை அணைத்து, மூடியைத் திறந்து, கையால் பிடுங்கவேண்டும்.

கரைக்கு வந்து கட்டும்போது ஜெட் இன்னொரு விதத்தில் சோதிக்கும். சுக்கான் கிடையாது, தண்ணீரைப் பீய்ச்சினால்தான் திரும்பும். பயத்தில் த்ராட்டிலை விட்டீர்களானால் நேராகப் போய் இடிக்கும். வி-டிரைவும் ரிவர்ஸில் ஒரு பக்கம் இழுக்கிற கழுதைதான். இரண்டையும் காலி இடத்தில் பழகிவிட்டு வாருங்கள்.

ஜெட்டுக்கு ஆதரவாக ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸே உறைந்தபோது, தண்ணீர் வடிக்காமல் விட்ட வி-டிரைவ் இன்ஜின்களின் இரும்பு உடம்பே வெடித்திருந்தது. யமஹா ஜெட் இன்ஜினைக் கரையேற்றினால் தண்ணீர் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். பாலாஸ்ட் தொட்டி வைத்த எந்தப் படகிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதை வடிக்காமல் இன்னொரு ஏரிக்கு எடுத்துப் போவது டெக்சாஸில் சட்டப்படி குற்றம். 2017-ல் டிராவிஸ் ஏரிக்குள் வந்து ஒட்டிக்கொண்ட சீப்ரா சிப்பி இப்படித்தான் ஊர் ஊராகப் பரவுகிறது.

கரையில் வீடு வைத்திருப்பவர்களின் கோபத்தையும் சொல்லவேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகம் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, சர்ஃப் அலை தணிய 500 அடிக்கு மேல் தேவை என்றது. வெர்மாண்ட் மாநிலம் 2024-ல் விதியே போட்டது: கரையிலிருந்து 500 அடி தள்ளி, 20 அடி ஆழத்தில்தான் சர்ஃபிங். வி-டிரைவின் ஷாஃப்ட் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அடிச்சேற்றைக் கிளறும். ஜெட் அவ்வளவு கிளறாது. ஆனால் கரையை அரிக்கிற அலைக்குக் காரணம் எடை, அதில் யாருக்கும் சலுகை இல்லை. நடு ஏரிக்குப் போங்கள்.

சரி, எதை வாங்குவது? சர்ஃபிங்தான் குறி என்றால் வி-டிரைவ். புதியது ஒரு லட்சம் டாலரைச் சுலபமாகத் தாண்டும்; பெரியது இரண்டு லட்சத்தையும் தாண்டும். அதற்குக் கடன் வாங்காதீர்கள். 2010-க்குப் பிந்தைய, இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு குறைவான, ஒரே கை மாறிய பழைய வி-டிரைவ் ஒன்றைத் தேடுங்கள். என் பட்டறைக்கு வருகிறவற்றில் நிம்மதியாக ஓடுவது அந்த ரகம். வீட்டில் சின்னப் பிள்ளைகள், டியூப் இழுப்பது, மேட்டோரம் நிறுத்திக் குளிப்பது, நடுவில் எப்போதாவது சர்ஃபிங் என்றால் ஜெட் வாங்குங்கள். சர்ஃப் தகடு கம்பெனியிலேயே பொருத்தி வந்ததாகப் பார்த்து வாங்குங்கள். அலை சிறிதாக இருக்கிறது என்று அப்புறம் என்னிடம் வந்து குறைப்படக் கூடாது. இரண்டில் எதுவானாலும் முன்பணம் கொடுக்குமுன் பாலாஸ்ட் நிரப்பி, உங்கள் வீட்டு ஆட்களையே ஏற்றி, தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். தரையில் டிரெய்லர் மேல் நின்றிருக்கும் படகு எல்லாமே அழகுதான்.

வீட்டில் ஏற்கெனவே அவுட்போர்டோ ஸ்டெர்ன்டிரைவோ இருக்கிறதென்றால், மீன் பிடிக்கப் போங்கள், டியூப் இழுங்கள். பிள்ளைக்குச் சர்ஃபிங் ஆசை வந்தால் ஓட்டுநரோடு வி-டிரைவ் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். ஆஸ்டினில் மணிக்கணக்கில் கிடைக்கிறது.